கூர்க்கா என்னும் சொல்

தமிழில் கூர்க்கா என்பது ஒரு மக்களின் பெயராக இல்லை. ஒரு வேலையின் பெயராகவே நிலைத்துவிட்டது. நள்ளிரவில் கைத்தடியைத் தரையில் தட்டி, விசில் ஊதித் தெருவைக் கடப்பவர். மாதப் பிறப்பில் சிறு நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்று, 'சாப்' என்று சலாம் வைப்பவர். அவருடைய ஊர் எது, வீட்டில் எந்த மொழி பேசுவார் என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. 'கூர்க்கா வந்துட்டுப் போயாச்சா?' என்பதோடு சரி. நம் திரைப்படங்களும் அவரைப் பெரும்பாலும் சிரிப்பதற்கே பயன்படுத்திக்கொண்டன. கோர்க்கா என்பது ஒரு மலைநாட்டரசின் பெயர் என்பதும், அங்கிருந்து புறப்பட்ட பிருதிவி நாராயண் ஷாதான் 18ஆம் நூற்றாண்டில் இன்றைய நேபாளத்துக்கு அடிகோலினார் என்பதும் நம் காதுக்கு எட்டியதேயில்லை.

இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் நண்பர்கள் நாங்கள் நால்வரும் பொக்காராவிலுள்ள கூர்க்கா நினைவு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். நால்வரும் ஆசிரியர்கள்; மூவர் தமிழ், ஒருவர் வரலாறு. பொக்காராவுக்குச் செல்வோர் பேவா ஏரியில் படகேறுவர், விடியலில் மச்சபுச்சரே சிகரம் சிவப்பதைப் பார்ப்பர், திரும்புவர். சேத்தி ஆறு ஆழ்ந்த குறுகிய பிளவுக்குள் ஓசையாக மட்டும் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் கூர்க்கா முகாமை அடுத்துள்ள இந்தக் கட்டடத்துக்கு வருவோர் குறைவுதான்.

உள்ளே சீருடைகள், தொப்பிகள், பதக்கங்கள், மங்கிய நிழற்படங்கள், குக்ரிகள். குக்ரியின் முன் நெடுநேரம் நின்றோம். விறகு பிளக்கவும் ஆடு வெட்டவும் மலைக்குடி மக்கள் வைத்திருக்கும் சாதாரணக் கத்திதான் அது. ஆனால் 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்குக்கு டயர் அழைத்துச் சென்ற படையில், குக்ரியை மட்டும் ஏந்திய கூர்க்காக்கள் 40 பேர் இருந்தனர். துப்பாக்கி ஏந்தியோரிலும் கூர்க்காக்கள் உண்டு. வீரத்தை வியக்கும் மனத்தோடு மட்டும் அந்தக் கண்ணாடிப் பேழையைக் கடக்க எங்களால் முடியவில்லை.

விக்டோரியா சிலுவை பெற்றோரின் வரிசை அடுத்து. கூர்க்காப் படைப்பிரிவுகளுக்குக் கிடைத்தவை மொத்தம் 26. அவற்றில் சரிபாதி, அதாவது 13, ஆங்கிலேய அதிகாரிகளுக்குரியவை. 1911 வரை இந்தியப் படையின் சுதேசி வீரர்கள் அந்தப் பதக்கத்துக்குத் தகுதியுடையவர்களாகவே கருதப்படவில்லை. முதல் நேபாளியாக அதைப் பெற்ற குல்பீர் தாபா, 1915இல் பிரான்சில் காயம்பட்ட தோழர்களைத் தூக்கிவந்தவர். கொன்றதற்காகவன்றிக் காத்ததற்காக அப்பதக்கம் வந்தது என்பது எங்களுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

இந்தக் கதை தொடங்கும் இடத்தில் தமிழ் வாசகருக்கு அறிமுகமான ஒருவர் நிற்கிறார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் பறந்து வந்து அவர்களைக் கொன்று குவித்த கில்லெஸ்பியை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். அதோடு அவரை விட்டும்விட்டோம். அதே கில்லெஸ்பி 1814 அக்டோபர் 31 அன்று, டேராடூன் அருகே நாலாபாணி என்னும் குன்றில், கலங்காக் கோட்டையைத் தாக்கும்போது சுட்டு வீழ்த்தப்பட்டார். கோட்டைக்குள் இருந்தவர் பலபத்ர குன்வர்; அவருடன் பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறத்தாழ 600 பேர். ஆங்கிலேயர் தண்ணீர் வரும் வழியை அடைத்தனர். நவம்பர் இறுதியில், எஞ்சிய 70 பேர் அளவில் முற்றுகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறினர். பின்னர் ஆங்கிலேயர் அங்கே இரண்டு தூண்களை எழுப்பினர். ஒன்று தம்மவருக்கு, மற்றொன்று பகைவராகிய பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும். பகைவனுக்கு நடுகல்! புறப்பாடல் படித்த எவருக்கும் சிலிர்க்கும்.

சிலிர்த்தபிறகு சற்று நிதானமாக யோசிக்கவும் வேண்டும். மறு ஆண்டிலேயே, 1815இல், அந்தப் பகைவர்களைக் கொண்டே கம்பெனி முதல் கூர்க்காப் படைகளைத் திரட்டியது. பலபத்ரர்கூட லாகூருக்குச் சென்று ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்து, 1823இல் நவ்ஷேராவில் மாண்டார். லாகூருக்குப் போனவன் என்னும் பொருளில் 'லாகுரே' என்றொரு சொல் நேபாளியில் உண்டு. அந்நியப் படையில் சேர்ந்த எவரும் லாகுரேதான்; இப்போது வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போவோரையும் அது குறிக்கிறது.

தமிழில் இதற்குச் செஞ்சோற்றுக்கடன் என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் கர்ணனுக்கு முதலில் அங்க நாடு கிடைத்தது. இங்கே துல் பகதூர் புன் இருக்கிறார். 1944இல் பர்மாவின் மொகாங்கில், உடனிருந்தோர் வீழ்ந்தபின் தனியொருவராய் எதிரியின் பதுங்குகுழியை நோக்கி ஓடி, விக்டோரியா சிலுவை பெற்றவர். முதுமையில் மருத்துவத்துக்காகப் பிரிட்டனில் குடியேற விண்ணப்பித்தபோது, அந்நாட்டுடன் அவருக்குப் போதிய பிணைப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று மறுத்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் 2007இல் இசைந்தார்கள். 1997க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதியக் குறை தீரவில்லை. 2021 ஆகஸ்டில் முன்னாள் வீரர்கள் லண்டனில் பிரதமர் இல்லத்துக்கு எதிரே 13 நாள் உண்ணாநோன்பு இருந்தார்கள். சோறு இட்டவனுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை நம் இலக்கணங்கள் ஏன் தனித் துறையாக்கவில்லை என்று பேசிக்கொண்டோம்.

படைவீரனைப் பற்றிய பெருமிதச் சொற்கள் சலிப்புத் தட்டினால், பாரிஜாத்தின் 'சிரீஷ்கோ பூல்' நாவலைத் தேடிப் படியுங்கள். 1964இல் வந்தது, அடுத்த ஆண்டே மதன் புரஸ்கார் பெற்றது. அதன் நாயகன் சுயோக்பீர் பர்மாப் போரிலிருந்து மீண்டவன். தான் அங்கே பெண்களுக்கு இழைத்த கொடுமை அவனைக் காத்மாண்டு வரைக்கும் துரத்துகிறது. பதக்கங்கள் சொல்லாததை ஒரு பெண் எழுதிவிட்டார். சிரீஷம் என்ற வடசொல்லுக்குத் தமிழில் வாகை என்று பெயர். வென்றவன் சூடும் பூவாக நாம் அறிந்தது, அங்கே ஒரு தோற்ற மனிதனின் கதைக்குத் தலைப்பாகியிருக்கிறது.

மாடியிலிருந்து இறங்கும்போது பெரியவர் ஒருவர், பேத்தியுடன், படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர்; நிமிர்ந்த முதுகு. வரலாற்று நண்பருக்கு இந்தி வரும். எந்த ஊர் என்று பெரியவர் கேட்டார், மதராஸ் என்றோம். முகம் மலர்ந்து, "தண்ணி, தம்பி, வாங்க" என்று மூன்று சொற்களைத் தமிழில் சொன்னார். எங்கே கற்றீர்கள் என்றதற்கு ஒரு கணம் தயங்கினார்.

"ஜாஃப்னா. எண்பத்தேழில்."

இந்திய அமைதிப்படையில் கூர்க்காக்கள் இருந்ததும், அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அவர்கள் போரிட்டதும் நாங்கள் அறிந்ததே. அறிந்திருப்பது வேறு, எதிரே ஒருவர் நிற்பது வேறு. எங்களுள் ஒருவருக்குக் கேள்வி நாவின் நுனிவரை வந்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "இரவில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம்" என்றார். "எங்கும் பனை. எங்கள் மலையில் அந்த மரம் இல்லை. இருட்டில் எல்லாம் ஆள் நிற்பது போலவே இருக்கும்." அவர் படையில் சேர்ந்தது எதற்காக என்று வரலாற்று நண்பர் கேட்டார். வீட்டில் ஐந்து பேர், நிலம் கொஞ்சம் என்றார் அவர். மகன் கத்தாரில் இருக்கிறான்; 2022இல் இந்தியா அக்னிபத் திட்டம் கொண்டுவந்தபின் இங்கிருந்து ஆளெடுப்பு நின்றுபோனதால் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்றார்.

விடைபெறும்போது அவர்தான் மறுபடி கேட்டார், அந்தப் பாதையில் இப்போது ரயில் ஓடுகிறதா என்று. 1990இல் நின்றது, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை வந்துவிட்டது என்றோம். தலையசைத்தார். பிறகு குனிந்து, பேத்தியிடம் அதை நேபாளியில் சொன்னார்.