பூக்காரப் பாட்டியின் தோட்டமும் எங்க லென்ஸும்



நம்ம கோவிலுக்குப் பூ கொடுக்கிற வீட்டுத் தோட்டங்களைப் படம் எடுத்து மண்டபத்தில் மாட்டலாம்னு தொண்டர்கள் நாங்க முடிவு செஞ்சோம். அதில் நாங்க செஞ்ச தப்பைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல போனது பாட்டி வீடு. 20 அடி அகலத் தெரசு வீடு. கார் நிறுத்துற இடத்தை ஒட்டிக் கொஞ்சம் மண். அதில் நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, துளசி. வீட்டை வித்தாச்சு, அடுத்த வாரம் மகனோட அடுக்குமாடிக்குப் போறாங்க. அதனால அவசரமா போனோம்.

இடம் சின்னது, அகல லென்ஸ்தான் சரின்னு நினைச்சு 10-18 ஒண்ணு இரவல் வாங்கினோம். 10ல வச்சா தோட்டம் முழுசும் ஒரே படத்துல அடங்கிடுச்சு. பங்களாத் தோட்டம் மாதிரி இருந்துச்சு. எங்களுக்கு ஒரே பெருமை. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பாட்டி கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு, "யாரு வீட்டுத் தோட்டம் தம்பி இது?"ன்னு கேட்டாங்க. கேலி இல்லை, நிஜமாவே தெரியலை. அப்புறம், "என் நந்தியாவட்டை எங்கப்பா?"

அப்பதான் நாங்களே ஒழுங்கா பார்த்தோம். பாதிப் படம் சிமெண்ட் தரை. மதில் ஓரம் நிக்கிற நந்தியாவட்டை விரல் நகம் அளவு. அகல லென்ஸ் கிட்ட இருக்கிறதைப் பெருசாக்கும், தள்ளி இருக்கிறதைச் சின்னதாக்கிடும். கேமராவைக் கீழே சாய்ச்சதால வீட்டுத் தூணும் சாய்ஞ்சு நின்னுச்சு. வெட்கமா போச்சு.

மறுநாள் காலை ஏழரைக்கு, வெயில் ஏறும் முன்னே, கேமராவோட வந்த பழைய 18-55 லென்ஸோட திரும்பப் போனோம். எங்க கேமராவுல 10 அடி தள்ளி நின்னா 18ல சுமார் 13 அடி அகலம் விழும், 35ல ஆறரை அடிதான். ஆனா கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கிறது அந்த 35தான். (ஃபுல் ஃப்ரேம் கேமரான்னா அதுக்கு 50 வைக்கணும்.) முழுத் தோட்டத்தையும் ஒரே படத்துல அடைக்கிற ஆசையை விட்டோம். "பாட்டி, நீங்க எப்பவும் போல பூப்பறிங்க"ன்னு சொல்லிட்டு, அவங்க கூடையோட நின்ன இடமெல்லாம் ஒவ்வொரு படம்.

பூவை மட்டும் எடுக்க 50 எஃப் 1.8 லென்ஸ். முழுசா திறந்து வச்சா ஒரு இதழ்தான் தெளிவா வரும், அதனால 5.6 வச்சோம். வெள்ளைப் பூ வெளுத்துப் போகாம இருக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சோம்.

மொத்தம் 9 படம். பாட்டி ஒரு படத்துல விரலை வச்சு, "இந்தக் கிளைதான், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு"ன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் பேசலை.

இப்ப அந்த வீட்டு முன்னால மண்ணே இல்லை. புதுசா வந்தவங்க முழுசா சிமெண்ட் போட்டுட்டாங்க. நாங்க முதல் படத்தோட திருப்திப்பட்டிருந்தா, பாட்டி கையில அவங்க தோட்டமே இருந்திருக்காது.

உங்க வீட்டுல பூச்செடி இருந்தா சொல்லுங்க, வர்றோம். புது லென்ஸ் வாங்கணும்னு இல்லை. எந்தச் செடி யாருக்கு முக்கியம்னு முதல்ல கேளுங்க, அப்புறம் லென்ஸை மாட்டுங்க.

பாட்டி ஒடிச்சுக் கொடுத்த நந்தியாவட்டைக் குச்சியைக் கோவில் மடப்பள்ளிக்குப் பின்னால நட்டிருக்கோம். ரெண்டு இலை விட்டிருக்கு. வர்றவங்க கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.

அம்மன் துணை.