இளநி குடிக்கலாமுங்களா?

பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், வயது ஐம்பத்தெட்டு. கோவையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் படுத்திருக்கிறார். ரத்தத்தில் பொட்டாசியம் 6.1. கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்குப்பை, அதற்குள் ஆறு இளநீர். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சும்மா கையை வீசிக்கொண்டு வருவார்களா என்ன?

எம்.எஸ்ஸி. ஊட்டச்சத்துப் படிப்பை முடித்துவிட்டு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி அந்தக் கட்டிலருகே நிற்கிறாள். கையில் கேஸ் ஷீட். அதில் உணவு பற்றி எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: 'ரீனல் டயட்'. அவ்வளவுதான். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஏனுங்க அம்மணி, உப்பு வேண்டாம்ன்ட்டீங்க, பருப்பு வேண்டாம்ன்ட்டீங்க. இளநியாச்சும் குடிக்கலாமுங்களா? நம்ம தோப்புதானுங்க, மருந்தடிக்காத மரமுங்க."

கூடாது என்று அவளுக்குத் தெரியும். 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு காயைக் குடித்தால் 700, 800 போய்விடும். நல்ல சிறுநீரகம் இருக்கிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆறைத் தாண்டி ஏற ஏற இதயத்துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். வலி, காய்ச்சல் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டெல்லாம் வராது. வெயிலுக்கு அமிர்தம் என்று சொல்லிக் கொடுக்கிற அதே இளநீர்தான்!

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடத்தில் இல்லை.

அவள் படித்த இரண்டு வருடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். "சமையல் படிக்கிறதுக்கு எம்.எஸ்ஸி.யா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. பாதி நாள் உயிர்வேதியியல், மீதி நாள் தராசு. தராசு என்றால் நிஜத் தராசுதான். ஒரு உருண்டை களி எத்தனை கிராம், ஒரு குழிக்கரண்டி கொள்ளுப்பருப்பு எத்தனை கிராம், ஒரு டம்ளர் என்றால் எந்த டம்ளர்... நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்வதை கிராமாக மாற்றி, கிராமை அட்டவணையில் வைத்து சத்தாக மாற்ற வேண்டும். 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் கால்சியம் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். (மாமியார் வீட்டில் பயன்படுமா என்பது வேறு விஷயம் :-))

கோவையில் இந்தப் படிப்புக்கு நல்ல வேர் உண்டு. 1957-ல் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் பெண்களுக்கென்று தொடங்கிய மனையியல் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ராஜம்மாள் பி. தேவதாஸ். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்து, இங்கே துணைவேந்தராகவும் வேந்தராகவும் இருந்தவர். 1992-ல் பத்மஸ்ரீ. இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் டயட்டீஷியன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர் அந்த வளாகத்தில் தராசு பிடித்தவர்கள்.

ஆனால் கதை அதற்கும் முன்னால், மலைக்கு மேலே தொடங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் வருகிற குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரு மூலையில், 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். எலிகளைக் கூண்டுகளில் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று பஞ்சாப் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து எலிகள் பாவம், கடைசி வரிசையில் நின்றன.

அவருக்குப் பின் 1935-ல் வந்தவர் டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட். அவரும் டாக்டர்தான். ஒரே மாகாணத்தில், அரிசியே தின்கிற இரண்டு கூட்டத்தில், வடக்கே தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி வருகிறது, தமிழ்ப் பக்கம் அந்த அளவுக்கு வருவதில்லை. காரணம் புழுங்கல். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. எந்த டாக்டரும் சொல்லிக்கொடுக்காமல் நெல்லை அவித்துக் காயப்போட்டவர்களுக்கு, ஏன் அது நல்லது என்று டாக்டர்கள் பின்னால் கண்டுபிடித்துச் சொன்னார்கள்! 1937-ல் அய்க்ராய்ட் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைதான் இன்றைய அட்டவணைகளுக்கெல்லாம் பாட்டன்.

அதே குன்னூர் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தவர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்த நம்ம பக்கத்துக்காரர், மருத்துவத்தில் எம்.டி. ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயரும் மாறியது. அங்கே இயக்குநராக இருந்து, குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவையும், சோளத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு வந்த பெல்லாக்ராவையும் ஆராய்ந்தார். சோளத்தில் இருக்கும் லியூசின்தான் பெல்லாக்ராவுக்குக் காரணம் என்று அவர் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, அது இருக்கட்டும். இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றி அவரும் கூட்டாளிகளும் எழுதிய புத்தகம் இல்லாத ஊட்டச்சத்துத் துறையே இந்தியாவில் கிடையாது. நூறு வயதைத் தொட்டு 2019-ல் காலமானார்.

இவர்கள் மூவரும் மருத்துவர்கள். ஸ்டெதஸ்கோப்பையும் தராசையும் ஒரே ஆள் வைத்திருந்த காலம் அது. அப்புறம் எங்கேயோ பிரிந்துவிட்டது. நோய் மருத்துவக் கல்லூரிக்குப் போனது, சோறு மனையியல் கல்லூரிக்குப் போனது. எம்.பி.பி.எஸ்.ஸில் ஊட்டச்சத்து தனிப் பாடம் இல்லை. முதல் வருடம் உயிர்வேதியியலில் கொஞ்சம் வைட்டமின், பிறகு சமூக மருத்துவத்தில் கொஞ்சம், அவ்வளவே. இது இங்கே மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்குக் குறைந்தது 25 மணி நேரமாவது ஊட்டச்சத்து சொல்லிக்கொடுங்கள் என்று 1985-ல் ஒரு நிபுணர் குழு கேட்டது. கால் நூற்றாண்டு கழித்து 2010-ல் வந்த ஆய்வில் சராசரி 19.6 மணி நேரம்தான்!

மறுபக்கமும் அப்படித்தான். தராசு பிடித்த பெண் மருத்துவமனைக்குள் நுழைவது கடைசி ஆறு மாதத்தில். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கூட்டத்தில் கடைசி ஆளாக நிற்பாள். மருந்து மாறியது அவளுக்குத் தெரியாது, சாப்பாடு மாறியது டாக்டருக்குத் தெரியாது. 2021-ல் வந்த சட்டம் டயட்டீஷியன்களையும் சுகாதாரத் தொழில் வல்லுநர் பட்டியலில் சேர்த்தது நல்ல விஷயம். வரிசையில் நிற்கும் இடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, பொள்ளாச்சிக்காரரிடம் திரும்புவோம். இளநீர்ப் பை வீட்டுக்குப் போனது. மருந்தில் பொட்டாசியம் 4.9-க்கு இறங்கியது. டிஸ்சார்ஜ் அன்று அவள் அச்சடித்த தாளைக் கொடுத்தாள். வாழைப்பழம், தக்காளி, கீரை, கொள்ளு, இளநீர் எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி. கடைசி வரி: 'உப்பைக் குறைக்கவும்.' அவர் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். பொட்டாசியம் 6.4.

ஜூனியர் டாக்டர் கடுப்பாகிவிட்டார். "இளநி குடிச்சீங்களா?" "சத்தியமா இல்லீங்க." "வாழைப்பழம்?" "தொடலீங்க." பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் தராசுப் பழக்கம் விடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் மனைவியிடம் உட்கார்ந்து, காலைக் காப்பியிலிருந்து ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. அரிசிம்பருப்புக்கு என்ன போடுவீங்க, தாளிக்க என்ன, உப்பு எவ்வளவு...

"உப்பெல்லாம் கொறச்சுட்டோமுங்க அம்மணி. பையன் டவுன்ல விசாரிச்சு, உப்பு கம்மியான உப்புன்னு ஒண்ணு வாங்கியாந்தானுங்க. வெலை ஜாஸ்தி. உப்புக் கரிக்கவே மாட்டேங்குது, அதான் கொஞ்சம் சேர்த்தே போடறனுங்க."

லோ சோடியம் உப்பு! அதில் சோடியம் குளோரைடு கொஞ்சம் எடுக்கப்பட்டிருக்கும், அந்த இடத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்தக்கொதிப்பு மட்டும் இருக்கிறவர்களுக்கு நல்லதுதான், சிறுநீரகம் போனவருக்கு அதுவே விஷம். குறைக்கச் சொன்னதைக் கேட்டு, காசு செலவழித்து, பாசமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த உப்பு என்று அந்தத் தாளில் இல்லை. தாளைக் கொடுத்தது அவள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை என்று கூடப் பயிற்சியிலிருந்தவர்கள் சொல்வார்கள்.

ஜூனியர் டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, வார்டில் இருந்த மற்ற ஏழு சிறுநீரக நோயாளிகளிடமும் என்ன உப்பு என்று இருவரும் சேர்ந்தே போய்க் கேட்டார்கள். இன்னொருவர் வீட்டிலும் அதே பாக்கெட் இருந்தது.

இந்த முறை அச்சடித்த தாள் இல்லை. மருத்துவமனைச் சமையலறையில் ஒரு ஓரம் கேட்டு வாங்கி, அந்த அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்து காட்டினாள். காயை மெல்லிசாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அதைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் நிறைய விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் தாளித்துக்கொள்ளலாம். முதல் வருடப் பாடத்தில், காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் போய்விடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அவள்.

அந்த அம்மாவுக்கு அது தாங்கவில்லை. பருப்பு வேகவைத்த தண்ணீரில் ரசம், காய் வேகவைத்த தண்ணீரில் குழம்பு என்று வளர்ந்த கை.

"இத்தன தண்ணியும் வீணுங்களா? ரசத்துக்காச்சும் எடுத்துக்கட்டுங்களா?"

"வேண்டாங்கம்மா. ஐயாவுக்கு ஆகாத பொட்டாஷ் எல்லாம் அந்தத் தண்ணியிலதான் எறங்கியிருக்கு."

பொட்டாஷ் என்றதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். உரக்கடையில் மூட்டை மூட்டையாக வாங்கிப் பழகிய பேர் அது.

"பொட்டாஷுங்களா? அப்ப தென்னைக்கே ஊத்திடறனுங்க."