பட்டுக்குப் பார்க்கும் பக்குவம் அரிசிக்கும் வேண்டும்

வியாபாரியிடம் மூட்டையாகப் போடாமல், பாரம்பரிய அரிசி, செக்கு எண்ணெய் என்று வீட்டிலிருந்தே கூரியரில் அனுப்பி விற்கும் விவசாயக் குடும்பங்கள் காஞ்சிபுரம் பக்கமும் இருக்கின்றன. விதை தேடுவதிலும் அரைவை மில்லில் காத்து நிற்பதிலும் காட்டும் அக்கறை, பெட்டி கட்டும்போது பல வீடுகளில் இருப்பதில்லை. பழைய அட்டைப்பெட்டி, இரண்டு சுற்று டேப், அவ்வளவுதான். பெட்டி உடைந்து திரும்பினால் போன கூலி, வந்த கூலி, சரக்கு மூன்றும் நஷ்டம். வண்டு விழுந்த அரிசி வாடிக்கையாளர் வீட்டிலேயே தங்கிவிட்டால் நஷ்டம் இன்னும் பெரிது. பலர் புகார் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை கேட்கவும் மாட்டார்கள்.

உத்திரமேரூர் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா விற்கும் ஒரு குடும்பத்துக்கு, ஐப்பசி மழையில் சென்னைக்கு அனுப்பிய ஐந்து கிலோ அரிசி பூசண வாடையோடு திரும்பி வந்தது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வெறும் துணிப்பையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டம்மாவின் நாத்தனார், பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் வாக்கப்பட்டவர். அவர் சொன்னது இது: "அண்ணி, புடவை அனுப்பும்போது நாங்க பெட்டியை அப்புறம்தான் பார்ப்போம். முதல்ல ஈரம் இருக்கான்னு பார்ப்போம்."

பட்டு சொல்லும் பாடம்

2005-06ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு உயிர் அதன் ஜரிகை. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. ஈரமும் கந்தகமும் பட்டால் வெள்ளி கறுக்கும். ரப்பரில் கந்தகம் இருப்பதால் புடவைக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போடக் கூடாது. அந்துருண்டையும் ஜரிகையைத் தொடக் கூடாது. அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம். துவைத்து நன்றாக உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, வெளியே பாலித்தீன் உறை, அதற்கு மேல் அட்டைப்பெட்டி என்று கட்டுவது நல்லது. சரக்கை உள்ளிருந்து கெடுப்பது எது, வெளியிலிருந்து கெடுப்பது எது என்று இரண்டையும் தனித்தனியாக யோசிக்கும் இந்த முறை விளைபொருளுக்கும் பொருந்தும்.

அரிசி, எண்ணெய்

கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதம் வரை நெல் எடுக்கிறார்கள். பையில் அடைத்து வைக்கும் அரிசிக்கு அது ஆகாது. 13 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மில்லிலிருந்து வந்த சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வேர்த்துவிடும். நிழலில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். உள்ளே உணவுக்கான கெட்டிப் பாலித்தீன் பை, வாயை சூடேற்றி ஒட்டுவது அவசியம். துணிப்பை அதற்கு மேலே இருக்கட்டும். அரிசி வண்டின் முட்டை மணிக்குள்ளேயே இருக்கும்; வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் வண்டாக வெளியே வரும். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே ஆர்டர் வந்த பிறகு தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது. அரைத்த தேதியைப் பையில் எழுத வேண்டும்.

எண்ணெய் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒவ்வொரு பாட்டிலையும் தனிப் பாலித்தீன் பையில் கட்டி, நிமிர்த்தி வைக்க வேண்டும். அரிசியும் எண்ணெயும் ஒரே பெட்டியில் வேண்டாம். எண்ணெயை ஏற்பார்களா என்று கூரியர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பெட்டியும் கூலியும்

பெரிய பெட்டி என்றால் கூலியும் பெரிது. பெரும்பாலான கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுக்கிறார்கள். அந்த எடை, தராசு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். ஐந்து கிலோ அரிசியை 40×30×30 பெட்டியில் வைத்தால் கணக்கு 7.2 கிலோ ஆகிவிடும். 30×20×14 பெட்டியே போதும். அப்போது அரிசி, பெட்டி இவற்றின் எடைக்கு மட்டும் கட்டினால் சரி.

புது ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி வாங்கி, மூலைகளில் காகிதம் திணித்து, மேலும் கீழும் நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும் டேப் ஒட்ட வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி ஒருமுறை போட்டுப் பார்த்தால், வழியில் பெட்டி தாங்குமா என்பது தெரிந்துவிடும். மழைக் காலத்தில் பெட்டிக்கு வெளியேயும் பாலித்தீன் உறை போட வேண்டும். தீபாவளி ஆர்டர் குவிவதும் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதும் ஒரே சமயத்தில்தான்.

முகவரி, ஆறு இலக்கப் பின்கோடு, இருவரின் கைபேசி எண் ஆகியவற்றை வெளியே ஒட்டுவதோடு, ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் போட வேண்டும். தராசில் வைத்த பெட்டியைப் படம் எடுத்து வைத்தால் தகராறு வரும்போது உதவும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பெட்டியைத் தூரத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கே அனுப்பிப் பார்க்கலாம். பிரிக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொன்னால், எந்த மூலை நசுங்கியது, எந்தப் பை கசிந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். குறையைத் திருத்திய பிறகு வாடிக்கையாளரிடம் பணம் வாங்கலாம்.