சும்மாதானே இரிக்கிங்க



வாப்பா பென்சனில் வந்து மூன்று வருடமாகிறது. 36 வருடம் படிப்பித்த மனிதர். இந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் அவரிடம் அதிகம் சொல்லப்பட்ட வசனம், "வாப்பா, நீங்க சும்மாதானே இரிக்கிங்க, இதையும் ஒருக்கா பாத்துட்டு வாங்களன்." கரண்ட் பில், காஸ் சிலிண்டர், தங்கச்சியின் பிள்ளையை மதரசாவில் இருந்து கூட்டி வருவது, எல்லாவற்றுக்கும் இந்த வசனம்தான். அதிகம் சொன்னது நான்தான்.

போன மாதம் சைக்கிளோடு வடிகானுக்குள் விழுந்து விட்டார். முழங்கையில் ஏழு தையல். கத்தாரில் இருக்கும் காக்கா அன்றிரவே கோல் எடுத்து, "அந்தச் சைக்கிள வித்துடு. வாப்பாட்ட நீ சொல்லு, நீதான் டீச்சர்" என்றான். நல்ல வேலை தந்தான். நான் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். பாடசாலை லீவு வந்ததும், கை ஆறும் வரைக்கும் என் ஸ்கூட்டியில் ஏற்றிப் போகிறேன் என்றேன். வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒனக்கு அலுக்கும் புள்ள" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று திங்கட்கிழமை பகலுக்குள் விளங்கிவிட்டது.

திங்கள் பென்சன் நாள். சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம். அது தப்பாது. பிறகு பேங்க். தன் காசை எடுக்க வாப்பாவுக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் வாசல் கதிரையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதத் தெரியாத பென்சன்காரர்களுக்குப் படிவம் நிரப்பத் தொடங்கினார். சேட் பையில் மூன்று பேனை வைத்திருந்தார். ஒரு மூத்தம்மா வந்து, "மாஸ்டர் போன மாசம் வரல்லயே, நான் சும்மா திரும்பிப் போயிட்டன்" என்றார். போன மாதம் அந்த நாளில்தான் வாப்பா தையலோடு வீட்டில் கிடந்தார்.

செவ்வாய் கிளினிக். அவருடைய கொப்பியோடு அடுத்த வீட்டு மாமியுடையதும், பள்ளியில் முந்தி முஅத்தினாக இருந்தவருடையதும் பையில் இருந்தன. வரிசை பற்றி எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

புதன்கிழமை "எங்க போற வாப்பா?" என்று கேட்டேன். "காரைதீவுக்கு" என்றார். நிந்தவூரில் இருந்து அது தூரமில்லை, ஆனால் அவருக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. சந்தைக்குப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். கடலோரம் போகும் ஒரு ஒழுங்கைக்குள் ஒரு சின்ன வீடு. உள்ளே சாய்கதிரையில் ஒருவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது, பேச்சும் தெளிவில்லை. வாப்பாவோடு ஒன்றாகப் படிப்பித்த மாஸ்டர். வாப்பாவைக் கண்டதும் அந்த முகத்தில் இயங்குகிற பாதி சிரித்தது.

வாப்பா சேவ் எடுக்கும் சாமான்களைப் பையில் இருந்து எடுத்தார். சவர்க்கார நுரை பூசி, இடக்கையால் நாடியைப் பிடித்து, மெதுவாக வழித்தார். தையல் போட்ட கை கொஞ்சம் நடுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு வீரகேசரியை விரித்து, மரண அறிவித்தலில் இருந்து கிரிக்கெட் வரைக்கும் வாசித்துக் காட்டினார். மாஸ்டரின் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, "மூணு கிழமையா அண்ணன் வரல்ல மகள். இவர் புதன்கிழமை வந்தா வாசலத்தான் பாத்துக்கொண்டு இருப்பார். வேற ஆரும் சேவ் எடுக்க வந்தா முகத்தத் திருப்புறார்" என்றார். வாப்பாவுக்கென்று ஒரு கோப்பை அந்த வீட்டில் தனியாக இருக்கிறது, நீலப் பூப் போட்டது.

வரும் வழியில் கேட்டேன். 85இலும் 90இலும் இந்த ரோட்டால் இரண்டு பக்கத்து ஆட்களும் போக வரப் பயந்த காலத்தில், மாதக் கணக்காக ஒருவரையொருவர் காணாமல் இருந்தார்களாம். சம்பள விசயமாகக் கல்விக் கந்தோருக்குப் போகும் நாளில் கண்டால் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். "என்ன பேசினீங்க?" என்றேன். "என்னத்தப் பேசுற? நிண்டம்" என்றார்.

"இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லல்லயே வாப்பா?"

"நீங்க ஆரும் கேக்கல்லயே."

எனக்கு ஸ்கூட்டியை ஓட்டுவது கஷ்டமாகிவிட்டது. கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் பிள்ளைகளிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று படித்தவள் நான்.

வியாழன் ஒரு ஜனாஸா. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு தங்கச்சி குடும்பம் தயிர் முட்டியோடு வந்தது, வீடு இரைச்சல். சாப்பாட்டுச் சகனைச் சுற்றி இருக்கும்போது தங்கச்சி, "வாப்பா, நாளைக்கு நீங்க சும்மாதானே..." என்று தொடங்கினாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். உம்மா கண்டுகொண்டு சிரித்தா. உம்மாவுக்குப் புதன்கிழமை முதலே தெரியும். சேவ் பிளேட் வாங்கி வைப்பதே உம்மாதானாம்.

இரவு காக்கா கோல் எடுத்தான். "சைக்கிள வித்தயா?"

"இல்ல. ரெண்டு பிரேக் கட்டையும் புதுசு போட்டாச்சு. முன்னுக்கு ஒரு லைட்டும்."

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"லீவுக்கு ஊருக்கு வா. ஒரு புதன்கிழமை வாப்பாவோட போயிட்டு வந்து பேசு."