ஹெட்டைத் திறந்து பார்த்த பிறகு

அம்பாசடர் நீலப் புகை விட ஆரம்பித்ததும் ஆளாளுக்குச் சொன்னது ஒன்றுதான்: "இன்ஜினை இறக்கிடுங்க, எல்லா வேலையும் ஒரே மூச்சில் முடிஞ்சிடும்." எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பா ஓட்டிய வண்டி. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். எது தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் அதில் கைவைக்க மனம் வரவில்லை.

பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பார்த்தோம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி சுற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். முள் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. வால்வு மட்டும்தான் என்றால் இன்ஜினை இறக்குவது வீண் வேலை. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் போதும். 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. அதனால் இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையம் போடுவது நல்லது. அதுவும் ஹெட்டோடு முடிகிற வேலைதான்.

எங்கள் வண்டியில் முள் ஏறியது. ஹெட்டைத் திறந்து, போரின் உட்சுவரில் நகத்தை மேல்நோக்கி ஓட்டினேன். ரிங் எட்டாத மேல் விளிம்பு தேயாமல் படிபோல நின்றிருந்தது; நகம் அதில் தட்டியது. அதன்மேல் புது ரிங் போடுவது காசைக் கரியாக்குவது. ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிளாக் பட்டறைக்குப் போயாக வேண்டும். இறக்குவதென்று அப்போதுதான் முடிவானது.

வீட்டிலேயே இறக்கலாமா? போர்டிகோவின் ஊஞ்சல் கொக்கியில் செயின் பிளாக்கை மாட்ட யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கியர்பாக்ஸோடு சேர்ந்தால் நூறு கிலோவை நன்றாகவே தாண்டும் இரும்பு அது. வாடகை முக்காலி, சமமான சிமெண்ட் தரை, விஷயம் தெரிந்த இரண்டு பேர் துணை இருந்தால் வீடு போதும். இன்ஜின் எழும்பியதும் வண்டியைத்தான் பின்னால் தள்ள வேண்டும். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கைகூடப் போகக் கூடாது.

வெளியே வந்த கையோடு கிளட்ச் பிளேட்டும் மவுண்ட் ரப்பரும் புதிதாகின்றன. வேறு பெரிய இன்ஜினை ஏற்றிவிடலாமே என்றும் சொன்னார்கள். அதற்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் மாற்ற வேண்டும் என்பது ஒருபுறம். எனக்கு வேண்டியது அப்பாவின் வண்டி, அதே இன்ஜினோடு. பிளாக் இப்போது பட்டறையில் இருக்கிறது. பிஸ்டன் வந்து சேர்ந்து, அதை அளந்த பிறகுதான் போர் போட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.