ஒரு பக்கத்துக்கு 2280 கேள்விகள்

இலக்கியம் பேசும் இடத்தில் தரவுத்தளத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். சங்கப் பாடல்களுக்கு மின்னடைவு ஒன்றினை நாங்கள் சிலர் கூடி உருவாக்கி வருகின்றோம். 2381 பாடல்களின் முதற்குறிப்பும் புலவர் பெயரும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். அப்பக்கமோ திறப்பதற்கு ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெரிய சர்வர் வேண்டும் என்றார் ஒருவர். அதன் மாத வாடகை எங்கள் கைப்பணத்திலிருந்து போகவேண்டியது என்பதால், முதலில் காரணத்தைத் தேடினோம்.

நிரலில் கையாள்வன பொருள்கள்; தரவுத்தளத்தில் இருப்பன அட்டவணைகள். இடையே நின்று மொழிபெயர்ப்பது ஓ.ஆர்.எம். எனப்படும் கருவி. ஜாவாவில் ஹைபர்நேட், ரூபியில் ஆக்டிவ் ரெக்கார்டு என வகைகள் பல. எங்களுடையது ஜாங்கோவுடன் வருவது. ‘பாடல்.புலவர்.பெயர்’ என்று எழுதினால் போதும், எஸ்.க்யூ.எல். வாக்கியத்தைக் கருவியே அமைத்துக்கொள்ளும். (உரை கையில் இருக்க மூலத்தை யார் புரட்டுகிறார்கள்!)

பாடலுக்கும் புலவருக்கும் இடையிலுள்ள அந்தப் புள்ளிக்குள் தரவுத்தளம்வரை ஒரு பயணம் மறைந்திருக்கிறது. பாடல்கள் யாவும் ஒரே கேள்வியில் வந்துவிடுகின்றன. புலவரைத் தேவைப்படும்போதுதான் கருவி தேடிச் செல்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத 102 பாடல்களை விட்டுவிட்டால், எஞ்சிய 2279 பாடல்களுக்கும் தனித்தனியே ஒரு கேள்வி. முதற்கேள்வியையும் சேர்க்க 2280. கபிலர் பாடியவை 235 என்பர். அவர் யார் என்று 235 முறையும் புதிதாகவே கேட்கிறது. ஒரு கேள்விக்கு 2 மில்லிவிநாடி என்றாலும் நாலரை விநாடி அங்கேயே கழிகிறது. எந்தக் கேள்வியும் தனியே மெதுவானதன்று. ஆதலின் மெதுவான வினவல்களைப் பதியும் ஏட்டில் ஒன்றுகூட அகப்படாது. ஐங்குறுநூற்றின் ஒரு பத்தினை மட்டும் இட்டுச் சோதித்தால் பதினொரு கேள்விகளே எழும். குறை கண்ணில் படாது. இதனை ‘என் கூட்டல் ஒன்று’ என்று நிரலாளர்கள் அழைக்கின்றனர்.

தீர்வு ஒற்றை வரி. ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று சேர்த்தால் இரு அட்டவணைகளையும் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்கும். அதற்காக எல்லாவற்றையும் இணைத்துவிடவும் கூடாது. ஒரு பாடலுக்குச் சொற்கள் 40, உரைக்குறிப்புகள் 5 எனில், இரண்டையும் ஒருசேர இணைக்கையில் 200 வரிசைகள் வந்து விழும். அவ்விடத்தில் சொற்களுக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று எனத் தனிக் கேள்விகளே நன்று.

ஓ.ஆர்.எம்.மையே கைவிடவேண்டும் என்போர் உளர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 1970இல் காட் என்பார் முன்வைத்த உறவுத் தரவுத்தளக் கொள்கை, வேண்டுவனவற்றைத் தொகுதியாகக் கேட்டுத் தொகுதியாகப் பெறுவது. ஒவ்வொன்றாகக் கேட்கும் பழக்கம் நிரலின் சுழற்சியிலிருந்து வருகிறது, எஸ்.க்யூ.எல்.லைக் கையால் எழுதுவோரும் சுழற்சிக்குள் எழுதினால் கதி அதுவே. கருவி செய்வது அதனைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது.

சர்வர் மாறவில்லை, பக்கம் இப்போது ஒரு விநாடிக்குள் வந்துவிடுகிறது. நிரல் எழுதுகையில் கேள்விகளின் எண்ணிக்கை பக்கத்தின் ஓரத்தில் தெரியுமாறும் அமைத்துள்ளோம். சொல்லடைவுப் பக்கத்தில் அது இன்னும் 43 என்கிறது. அடுத்து அதனைப் பார்க்கவேண்டும்.