உழைச்செல்வான்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாடல் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து முறைப்படி அளிப்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். 'உழை' என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இலக்கணங்களை எண்ணிக் காட்டுவார். நோயாளிக்குப் பொருள் வேண்டும். மருத்துவன் வழி நிற்கும் பணிவு வேண்டும். தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் திறன் வேண்டும். மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுக்கும் வலிமை வேண்டும். தொண்டு செய்பவனுக்கோ நோயாளிபால் அன்பும், தூய்மையும், சொன்னதைச் சொன்னவாறே செய்யும் ஆற்றலும், அறிவும் வேண்டும்.

பல்லாண்டுகளாக இக்குறளை வகுப்பறையில் நடத்தி வருகின்றேன். நோயாளிக்குரிய நான்கனுள் முதல் மூன்றும் இல்லாத ஒரு நோயாளி வாய்த்தால் என் செய்வது என்று எந்த மாணவரும் என்னை வினவியதில்லை. சென்ற சாரற் பருவத்தில் அவ்வினாவை எங்கள் இல்லத்தில் எழுப்பியது, 910 கிராம் எடையுள்ள ஒரு சிற்றுயிர்.

அவ்வுயிரைக் கினிப் பன்றி என்பர். அப்பெயரே பல குழப்பங்களுக்கு இடம் தருவது. அது பன்றியும் அன்று. ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று. எலி, அணில் போன்ற கொறிவிலங்குகளின் இனத்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் முள்ளம்பன்றியும் பெயரளவிலேதான் பன்றி; உண்மையில் அதுவும் கொறிவிலங்கே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்து வந்த இவ்விலங்கைப் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். இத்தனையும் விளக்கிய பின்னரே எங்கள் வீட்டிற்கு வரும் உறவினர் முகச்சுளிப்பை மாற்றிக்கொள்வர். என் தாயார் இவ்விளக்கம் எதனையும் எதிர்பாராமல் முதல் நாளே 'சீமை எலி' என்று பெயரிட்டு விட்டார்கள். வெளியூர் சென்ற தோழியிடமிருந்து என் மகள் பெற்று வந்த பெண் இணை இரண்டனுள் மூத்ததற்குப் பஞ்சு என்று பெயர்.

மூன்றாம் வயதில் பஞ்சுவின் விலாப்புறம் இரண்டிலும் மயிர் உதிரத் தொடங்கியது. வயிறு பேரிக்காய்போல் புடைத்தது. தென்காசி 2019ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக விளங்கினும், இத்தகைய சிற்றுயிரின் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க நாங்கள் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியே திருநெல்வேலிக்கே செல்ல நேர்ந்தது. அங்குள்ள மருத்துவர் இரு சூலகங்களிலும் நீர்க்கட்டிகள் வளர்ந்திருப்பதைக் காட்டினார். வயதேறிய பெண் கினி எலிகளுக்கு இது மிகுதியாக வரும் நோய். கட்டிகள் பெருத்தால் குடலையும் நுரையீரலையும் நெருக்கும். சூலகங்களையும் கருப்பையையும் அகற்றுவதே தீர்வு என்றார். சிற்றுடலுக்கு மயக்க மருந்து கொடுப்பதிலுள்ள இடரையும் அவர் மறைக்கவில்லை. "அறுவையை நான் ஒரு மணி நேரத்தில் முடித்து விடுவேன். பிழைப்பது வீட்டில் நீங்கள் பார்க்கும் பத்து நாளில் இருக்கிறது" என்று அவர் கூறியபோது, குறள் கூறிய நான்காம் கூறு என் கண்முன் நின்றது.

அச்செய்தியை வீட்டில் உரைத்ததும் என் தாயார், "ஒரு எலிக்கு இவ்வளவு செலவா? தெருவில் எத்தனை ஏழை நோயாளிகள்!" என்று கேட்டார்கள். அக்கேள்வி நியாயமானது. அதனை அலட்சியம் செய்வார் கருணையைப் பற்றிப் பேசும் உரிமை அற்றவராவர். நான் அவர்களுக்கு விடையாக எங்கள் குடும்பத்துக் கதையையே நினைவூட்டினேன்.

1974ஆம் ஆண்டு என் தந்தையார் காசநோய்ப்பட்டார்கள். மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தார்கள். அம்மருந்து மனிதருக்கு வழங்கப்படுமுன் 1944ஆம் ஆண்டில் ஃபெல்ட்மன், ஹின்ஷா என்னும் அமெரிக்க அறிஞர் இருவரால் காசநோய் ஏற்றப்பட்ட கினி எலிகளின் உடலிலேயே சோதித்துத் தேறப்பட்டது. அதற்கு முன்னர், 1882ஆம் ஆண்டில் காசநோயின் கிருமியை இன்னதென்று இராபர்ட் கோக் உலகிற்கு மெய்ப்பித்ததும் கினி எலிகளின் துணை கொண்டுதான். 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிச்சும் ஸ்கர்வி நோயை இவ்விலங்கிடம் தோற்றுவித்துக் காட்டினர். மனிதரைப் போன்றே கினி எலியும் வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. அந்த ஒற்றுமையே அதனை ஆய்வுக்கூடத்திற்கு இழுத்துச் சென்றது. நாம் பிழைக்கப் பெயரறியாத எத்தனையோ கினி எலிகள் இறந்தன.

தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் வாப்பா பிழைத்ததில் இந்த இனத்திற்கும் பங்குண்டு, போய் வா" என்றார்கள்.

ஆடி மாதத்தின் ஒரு புதன்கிழமை அறுவை நடந்தது. மனிதருக்கு அறுவைக்கு முன்னர் வயிற்றைக் காலியாக வைப்பது மருத்துவ மரபு. கினி எலிக்கு நெடும்பட்டினி ஆகாது. அதனால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடலோ ஓயாது இயங்க வேண்டுவது. புல்லைப் புளிக்கச் செய்து செரிக்கும் நுண்ணுயிர்கள் அக்குடலில் வாழ்கின்றன. உணவு நின்றால் குடல் நிற்கும். குடல் நின்றால் உயிர் நிற்கும். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் அந்நுண்ணுயிர்கள் மடிந்து விலங்கே இறந்துபடும் என்பதனை மருத்துவர் எழுதியே கொடுத்தார். வீட்டிலிருக்கும் மாத்திரை எதனையும் தம்மை வினவாது கொடுத்தல் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான ஆணை.

அன்று மாலை குற்றால மலையில் மேகம் கவிந்து தென்காசித் தெருக்களெல்லாம் சாரல் தூவிற்று. அருவி கொட்டுகிறது என்று ஊரே மகிழ்ந்த அந்தக் குளிர்காற்று எங்களுக்குக் கவலையாயிற்று. மயக்கம் தெளியும் சிற்றுயிர் உடற்சூட்டை விரைவில் இழந்துவிடும். சன்னலை அடைத்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு புறம் வைத்தோம். சூடு மிகுந்தால் அது விலகிச் செல்லும் வண்ணம் மறுபுறத்தை வெறுமையாக விட்டோம். கூட்டிலிருந்த மரத்தூளை அகற்றி, துவைத்து உலர்த்திய பழைய வேட்டியை விரித்தோம். தூள் புண்ணில் ஒட்டினால் சீழ் பிடிக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை அவ்வேட்டித் துண்டுகளை மாற்றினோம். பரிமேலழகர் கூறிய தூய்மை என்பதற்கு அன்றுதான் எனக்கு உண்மைப் பொருள் விளங்கிற்று.

தன் நோயைச் சொல்லும் திறன் நோயாளிக்கு வேண்டும் என்றல்லவா உரை கூறுகின்றது? கினி எலி சொல்லாமை மட்டுமன்று, மறைக்கவும் செய்யும். பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் உயிர்கள் வலியை வெளிக்காட்டினால் பிழைப்பதில்லை. ஆதலின் நாங்கள் அதன் மொழியைக் கற்க வேண்டியதாயிற்று. உடலைக் குறுக்கி, மயிர் சிலிர்த்து, கண்களைப் பாதி மூடி அமர்ந்திருந்தால் வலி. பற்களை நறநறத்தால் வலி. புழுக்கைகள் சிறுத்தால் குடல் தளர்கின்றது; புழுக்கையே இல்லையாயின் அபாயம். என் மகள் ஒரு குறிப்பேட்டில் புழுக்கைகளை எண்ணி எழுதினாள். காலைதோறும் சமையலறைத் தராசில் பஞ்சுவை நிறுத்தாள். 910 கிராம் மறுநாள் 880 ஆயிற்று. மூன்றாம் நாள் 850 ஆயிற்று. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே அழைத்து வருமாறு மருத்துவர் கூறியிருந்தார். எல்லைக்கும் எங்களுக்கும் இடையே முப்பத்தொரு கிராமே எஞ்சியிருந்தது.

தானாக உண்ண மறுத்த அந்நாள்களில், உலர்தீனியைப் பொடித்து நீரில் குழைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் வாயின் ஓரத்தில் சிறிது சிறிதாகப் புகட்டினோம். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை, இரவிலும் அவ்வாறே. விரைந்து புகட்டினால் மூச்சுக்குழலில் ஏறிவிடும். என் கை நடுங்கிற்று. மகளுக்கும் தேர்வுக்காலம். அப்போது எங்களைத் தூங்கப் பணித்துவிட்டுச் சிரிஞ்சை ஏந்தியவர்கள் என் தாயார்தாம். எழுபத்தைந்து வயதைக் கடந்த அவர்களுக்கு அக்கலை புதிதன்று. 1974இல் கஞ்சியும் இறங்காத கணவருக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டியவர்கள் அவர்கள். "அவசரப்படுத்தாதே, அது விழுங்கிய பிறகு நீ கொடு" என்று எனக்குக் கற்பித்தார்கள்.

காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் காக்கலாம் என்பதனை உலகிற்கு மெய்ப்பித்ததே நம் சென்னைதான் என்பதனை இங்குக் கூறுதல் தகும். 1956ஆம் ஆண்டு அங்குத் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு மையம், தக்க மருந்து கிடைப்பின் மருத்துவ விடுதியில் தங்கியவர்க்கும் ஏழைக் குடிலில் தங்கியவர்க்கும் குணம் ஏறத்தாழ ஒன்றே என்று 1959ஆம் ஆண்டில் காட்டிற்று. அதன் பின்னரே உலகெங்கும் அவரவர் வீடு காசநோயாளிக்கு மருத்துவமனையாயிற்று. அவ்வீடுகளிலெல்லாம் கஞ்சி காய்ச்சியவரும் மருந்து வேளையை நினைவூட்டியவரும் பெரும்பாலும் பெண்டிர். அவர்தம் பெயர்களை எந்த ஆய்வும் பதியவில்லை.

நான்காம் நாள் வைகறைத் தொழுகைக்கு எழுந்தபோது, தாயார் கூட்டருகே அமர்ந்து முறுவலித்துக் கொண்டிருந்தார்கள். சிற்றாற்றங்கரை வயல் வரப்பில் பறித்துக் கழுவி உலர்த்திய அறுகம்புல் ஒன்று பஞ்சுவின் வாயினுள் மெல்ல மறைந்து கொண்டிருந்தது. அன்று எடை 855. ஆறாம் நாள் கொத்தமல்லித் தழையின் மணத்திற்குக் கீச்சென்று குரல் கொடுத்தது. கம்பி வலைக்கு மறுபுறம் துணையாக வைத்திருந்த தோழியும் உடன் கூவிற்று. பன்னிரண்டாம் நாள் தையல் ஆறியிருப்பதைக் கண்டு மருத்துவர் விடை கொடுத்தார்.

உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் கற்றோர் அறிந்தது. வேடன் வலையில் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதற்காக நபிகள் நாயகம் பிணை நிற்கும் வரலாறு அது. வாயில்லா உயிரின் சொல்லுக்கு மதிப்பளித்து, அதன் பொருட்டுத் தம்மையே ஈடாக வைத்தல் அப்படலத்தின் உயிர்நிலை என்பது என் கருத்து. உழைச்செல்வானின் தொழிலும் அத்தகையதே. நோயாளியால் பேச முடியாதபோது அவன் நாவாகவும், நடக்க முடியாதபோது அவன் காலாகவும் நிற்பவன் ஒரு வகையில் பிணை நிற்பவனே.

ஏழை நோயாளி இருக்க எலிக்குச் செலவிடலாமா என்னும் தாயாரின் வினா இன்றும் என்னோடு இருக்கின்றது. செலவிட்ட தொகைக்கு ஈடான தொகையை ஒரு காசநோயாளியின் சத்துணவுக்கு வழங்க வேண்டுமென்று அவர்களே முடிவு செய்தார்கள், அவ்வாறே வழங்கினோம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கும் கணக்கு அவர்களிடம் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் மருத்துவராவோர் சிலரே. மருந்து செய்வோர் அதனினும் சிலர். ஆயின் உங்கள் ஒவ்வொருவர் இல்லத்திலும் ஒரு முதியவரோ, ஒரு குழந்தையோ, பேசாத ஓர் உயிரோ என்றேனும் ஓர் இரவு உங்கள் கையை எதிர்பார்த்துப் படுத்திருக்கும். அவ்விரவில் கைப்பேசியை அப்பால் வைத்து, வேளை தவறாது எழுந்து, அது விழுங்கும் வரை பொறுத்திருங்கள். தேர்வில் இக்குறளுக்கு நீங்கள் எழுதும் விடையினும் அது மேலானது.